பூனையின் வேட்டையும் வீட்டாரின் கணக்கும்

வீட்டில் வளரும் பூனை ஓர் அணிலைக் கவ்விக்கொண்டு வந்து வாசற்படியில் போடுகிறது. அணிலின் வயிறு இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. இந்தக் கொலைக்குப் பொறுப்பாளி யார்? பூனையா? அதற்குப் பாலும் மீனும் வைத்து வளர்க்கும் நாமா? அல்லது பொறுப்பு என்ற பேச்சுக்கே இங்கு இடமில்லையா?

கேளம்பாக்கத்தில் வாழும் ஒரு சகோதரி அண்மையில் இதனை நம்மிடம் வினவியிருந்தார்கள். கேளம்பாக்கத்தை வாசகர்களில் பலர் அறிவர். தாம்பரம் பக்கமிருந்து கோவளம் தர்காவுக்கு ஜியாரத் செல்பவர்கள் வண்டலூர் சாலை வழியே வந்து அவ்வூரைத் தாண்டிக் கடற்கரைக்குச் செல்வார்கள். ஒரு பக்கம் உப்பளமும் உப்பங்கழியும். மறுபக்கம் பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டி எழுந்துவிட்ட அடுக்குமாடிகள். இடையிடையே தோட்டமும் கிணறும் உள்ள வீடுகளும் உண்டு. அப்படிப்பட்ட ஒரு வீட்டுப் பூனை நாள் தவறாமல் எதையேனும் பிடித்து வருகிறதாம். எலியைக் கொண்டு வந்தபோது வீட்டார் மகிழ்ந்தனர். ஓணானைக் கொண்டு வந்தபோது முகம் சுளித்தனர். அணிலையும் தவிட்டுக்குருவியையும் கொண்டு வந்தபோது பிள்ளைகள் அழுதனர். கடைசியில் பக்கத்து வீட்டார் வளர்க்கும் புறாவின் கழுத்தைக் கவ்வியபடி வந்து நின்றபோதுதான் வீடு இரண்டுபட்டது. சாக்கில் கட்டிக் கழிக்கரையில் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்கிறார் மாமியார். அதன் இயல்பு அது, நாம் என்ன செய்ய முடியும் என்கிறார் கணவர். ஏழு வயது மகனோ, "அல்லாஹ் ஏன் பூனையை இப்படிப் படைத்தான்?" என்று கேட்கிறான்.

பூனைக்காக இத்தனை பக்கமா என்று சிலர் நகைக்கக்கூடும். நம் இமாம்கள் நகைக்கவில்லை. தண்ணீரின் பாடத்திலிருந்து நஷ்டஈட்டின் பாடம் வரை ஃபிக்ஹுக் கிதாபுகளில் பூனை உலவிக்கொண்டேயிருக்கிறது. வீட்டுக்குள் அது எப்படி உலவுகிறதோ அப்படியே!

முதலில் பூனையைப் பற்றிய வழக்கை முடித்துவிடுவோம். அது முகல்லஃப் அல்ல. ஏவல் விலக்கல்கள் அதற்கு இல்லை. ஆகவே அது செய்வதில் பாவமும் இல்லை, நன்மையும் இல்லை. எலி பிடித்தால் "நல்ல பூனை", புறா பிடித்தால் "திருட்டுப் பூனை" என்பதெல்லாம் நமது ஆதாயத்தை வைத்து நாம் சூட்டும் பெயர்கள். அதற்கு இரண்டும் இரையே. ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கியாமத் நாளில் உரிமைகள் யாவும் உரியவர்களிடம் ஒப்படைக்கப்படும், கொம்பில்லாத ஆட்டுக்காகக் கொம்புள்ள ஆட்டிடமும் பழி தீர்க்கப்படும் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளிய ஹதீஸ், அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் வந்திருக்கிறது. பாவமே இல்லாத ஆட்டுக்குப் பழி எப்படி என்று கேட்கத் தோன்றும். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இதற்கு விளக்கம் எழுதும்போது, இது கட்டளையை மீறியதற்கான தண்டனை அல்ல, ஈடுக்கு ஈடு செய்யும் பழியே என்று பிரித்துக் காட்டுகிறார்கள். நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: குற்றவாளி என்று எவரும் இல்லாத இடத்திலும் அடிபட்டதன் வலி கணக்கில் விடுபடவில்லை. ஆகவே, "பூனைக்குப் பாவமில்லை" என்று சொல்லிவிட்டால் அணிலின் விவகாரம் முடிந்துவிட்டதென்று நினைப்பது சரியல்ல. அணிலும் ஒரு சமுதாயம். பூமியில் ஊர்வனவும் இறக்கையால் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்ற கருத்தைத் திருக்குர்ஆனின் 6-ஆம் அத்தியாயம் 38-ஆம் வசனத்தில் காண்கிறோம்.

அந்தச் சிறுவனின் கேள்வி பெரியவர்களும் மனத்துக்குள் வைத்துக்கொண்டு கேட்காமல் விடும் கேள்வி. பூனை மாமிசமின்றி உயிர்வாழ இயலாத பிராணி. டாரின் என்றொரு சத்து அதன் கண்ணுக்கும் இதயத்துக்கும் தேவை. மனித உடல் அதைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. பூனையின் உடலால் போதுமான அளவு உண்டாக்க முடியாது. அது மாமிசத்திலிருந்தே கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிடில் பார்வை மங்கும், இதயம் நலிந்து வீங்கும். இரக்கத்தின் பேரால் பூனைக்குத் தயிர்ச்சோறு மட்டும் வைத்து வளர்ப்பவர், தாம் அறியாமலே அதைக் குருடாக்கிக்கொண்டிருக்கக்கூடும். அதன் ரிஜ்கை அல்லாஹ் மாமிசத்தில் வைத்தான். அதற்கேற்ற நகத்தையும், இருட்டிலும் தெரியும் கண்ணையும், ஓசையெழாத பாதத்தையும் கொடுத்தான்.

அப்படியானால் அணில் என்ன குற்றம் செய்தது என்று சிறுவன் திருப்பிக் கேட்பான். ஒரு குற்றமும் செய்யவில்லை என்றே நாம் பதில் சொல்ல வேண்டும். ஒவ்வோர் உயிரின் மரணத்துக்குப் பின்னாலும் குற்றம் ஒன்று இருந்தே தீர வேண்டுமென்பது நம் மார்க்கம் கற்றுத்தந்த கணக்கல்ல. அரபுக் கவிஞர் அபுல் அலா அல்மஅர்ரீ (மறைவு ஹிஜ்ரி 449, கி.பி. 1057) பிற உயிர்களின் வலியை எண்ணி வாழ்நாளின் பெரும்பகுதி இறைச்சி, பால், முட்டை, தேன் எல்லாவற்றையும் விட்டொழித்தார். எகிப்திலிருந்து ஃபாத்திமிய்யா ஆட்சியின் அறிஞர் ஒருவர் இது குறித்து அவருக்குக் கடிதம் எழுதி வாதாடினார். பிராணிகளைப் பிராணிகளுக்கே உணவாக்கி வைத்தவனைவிட நமக்கு இரக்கம் அதிகமா என்பதே அவ்வகை வாதத்தின் சாரம். வாதம் வலுவானதுதான். ஆயினும் நாம் அதைப் பிள்ளையின் வாயை அடைக்கப் பயன்படுத்தக் கூடாது. அணிலைப் பார்த்து அழுத பிள்ளை அல்லாஹ்வின் படைப்பில் குறை காணவில்லை. அவன் உள்ளத்தில் வைத்த ரஹ்மத்தின்படியே அழுதது. குஞ்சுகளைப் பறிகொடுத்துச் சிறகடித்துத் தவித்த ஒரு சிறு பறவையைக் கண்ட நாயகம் (ஸல்) அவர்கள், அதன் குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கும்படி தோழர்களைப் பணித்த செய்தி அபூதாவூதில் உள்ளது. வேட்டை ஆகுமானது என்று சட்டம் தந்த அதே நாயகம்தான் தாய்ப்பறவையின் தவிப்பையும் பார்த்தார்கள். இரண்டும் ஒரே உள்ளத்தில் இருந்தன என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். அதற்கு மேல் விளங்க வேண்டியதை வயது வந்தபின் விளங்கிக்கொள்ளட்டும்.

இனி வளர்ப்பவரின் கணக்கு. பூனையைக் கட்டிவைத்து நரகம் சென்ற பெண்ணின் ஹதீஸைக் கேளாத முஸ்லிம் வீடு இருக்காது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வருகிறது. மிம்பர்களில் அதைச் சொல்லும்போது "பூனையைப் பட்டினி போட்டுக் கொன்றாள்" என்பதோடு முடித்துவிடுவது வழக்கம். ஹதீஸின் பின்பாதி அதைவிட அதிகம் பேசுகிறது. அவள் அதற்கு உணவும் கொடுக்கவில்லை. பூமியிலுள்ள சிற்றுயிர்களைத் தானே தேடித் தின்னும்படி அதை விட்டுவிடவும் இல்லை. இதுவே அவள் மீதான குற்றச்சாட்டு. சிற்றுயிர்கள் என்று நாம் சொன்ன இடத்தில் வரும் அரபுச் சொல் "கஷாஷ்". எலி போன்றவை என்று இப்னு ஹஜர் அஸ்கலானீ (ரஹ்) அவர்கள் ஃபத்ஹுல் பாரியில் பொருள் தருகிறார்கள். ஆக, பூனை வேட்டையாடித் தின்பதை நாயகம் (ஸல்) அவர்கள் அறிந்தும் ஏற்றும் பேசியிருக்கிறார்கள். அது பூனையின் வாழ்வுக்கான வழி. அந்த வழியை அடைத்ததுதான் அவள் செய்த கொடுமை.

ஹதீஸ் இரண்டு வாசல்களைக் காட்டுகிறது என்று நாம் விளங்குகிறோம். அடைத்து வைத்தால் ஊட்டு; ஊட்டாவிட்டால் விட்டுவிடு. இரண்டில் ஒன்று போதும், அந்தப் பெண் தப்பியிருப்பாள். இன்றைய வீடுகளில் நடப்பது வேறு. மூன்று வேளையும் ஊட்டுகிறோம். கதவையும் திறந்து வைக்கிறோம். இரண்டு வாசல்களும் ஒன்றாகத் திறந்திருக்கின்றன. பசிக்காக வேட்டையாடும் பூனைக்கும், வயிறு நிறைந்தபின் வேட்டையாடும் பூனைக்கும் பூனையளவில் வேற்றுமையில்லை. வளர்ப்பவருக்கு உண்டு. முதலாவது பூனை அந்த அணிலைக் கொன்றிராவிட்டால் பட்டினி கிடந்திருக்கும். இரண்டாவது பூனைக்காக இறந்த அணில், நம் வீட்டுக் கதவு அந்நேரம் சாத்தியிருந்தால் இறந்திருக்காது. அதனால் பூனைக்கும் ஒரு நஷ்டமும் வந்திருக்காது. இதை வைத்து "பூனை வளர்ப்பவர் பாவி" என்று தீர்ப்பளிக்க நமக்கு அதிகாரமில்லை. அப்படிக் கிதாபுகளும் சொல்லவில்லை. ஆனால் "அதன் இயல்பு அது" என்ற கணவரின் பேச்சு பாதி உண்மையே. இயல்பு பூனையுடையது. கதவு நம்முடையது.

வயிறு நிறைந்த பூனை ஏன் வேட்டையாட வேண்டும் என்று கேட்கலாம். 1976-இல் வெளியான ஓர் ஆய்வில், பிடித்தமான உணவை உண்டுகொண்டிருந்த பூனைகளின் அருகே எலியை விட்டுப் பார்த்தனர். உணவை விட்டெழுந்து போய் எலியைக் கொன்று, அதை உணவுத் தட்டருகே கொண்டுவந்து போட்டுவிட்டு, விட்ட உணவையே தொடர்ந்து தின்றன. பசி வேறு, வேட்டைத் துடிப்பு வேறு என்பது இதிலிருந்து விளங்குகிறது. இரையைக் கொல்லாமல் தட்டித் தட்டி விளையாடுவதும் நாம் நினைப்பது போன்ற கொடூரம் அல்ல. எலிக்கும் பல்லுண்டு, அது சோர்ந்து கடிக்க இயலாமல் போகும்வரை முகத்தைக் கிட்டே கொண்டுபோகப் பூனை அஞ்சுகிறது. வீட்டுக்குக் கொண்டு வருவதற்கும் வேர் இருக்கிறது. தாய்ப்பூனை முதலில் செத்த இரையையும் பின்பு உயிருள்ள இரையையும் குட்டிகளிடம் கொண்டு வந்து போட்டே அவற்றைப் பழக்குகிறது. தான் பத்திரமாக உண்ணும் இடத்துக்கு இரையைத் தூக்கி வருவது அதன் வழக்கம். நம் வாசற்படி அதற்குப் பத்திரமான இடம், அவ்வளவுதான்.

ஆனால் அதைச் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பதும், செல்பேசியில் படம் பிடித்து நண்பர்களுக்கு அனுப்பிச் சிரிப்பதும் பூனையின் இயல்பல்ல, மனிதனின் செயல். பறவையைக் கட்டி வைத்து அம்பெய்து விளையாடிய குறைஷி இளைஞர்களை இப்னு உமர் (ரலி) அவர்கள் கண்டித்து, உயிருள்ளதை இலக்காக்கி விளையாடுபவரை நாயகம் (ஸல்) அவர்கள் சபித்ததை எடுத்துச் சொன்னார்கள். பிராணிகளை ஒன்றோடொன்று மோதவிடுவதைத் தடுக்கும் ஹதீஸும் அபூதாவூதிலும் திர்மிதீயிலும் இருக்கிறது. எலியின் வாலைப் பிடித்துப் பூனை முன் ஆட்டுவது பல வீடுகளில் பிள்ளைகளின் விளையாட்டு. அதை நிறுத்தப் பெரியவர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

பக்கத்து வீட்டுப் புறாவுக்கு வருவோம். வாயற்ற பிராணி செய்யும் சேதத்துக்கு ஈடு இல்லை என்பது புகாரி, முஸ்லிமில் வரும் ஹதீஸின் பொதுவான விதி. ஹனபி மத்ஹபினர் இதை விரிவாக எடுத்துக்கொண்டு, வளர்ப்பவரே ஏவிவிட்டாலன்றிப் பூனையின் சேதத்துக்கு அவர் ஈடு தரக் கடமைப்பட்டவரல்ல என்கின்றனர். ஷாபிஈ மத்ஹபில் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் இன்னும் கூர்மையாகப் பிரிக்கிறது. பறவையையோ உணவையோ பாழாக்கும் பழக்கமுள்ளதென்று அறியப்பட்ட பூனையாயின், பகலானாலும் இரவானாலும் உரிமையாளர் ஈடு தர வேண்டும். அப்பழக்கம் முன்பு அறியப்படாத பூனையாயின் ஈடில்லை. இதுவே அங்கே ஏற்கப்பட்ட சொல். பகலையும் இரவையும் ஏன் குறிப்பிட்டார்கள் என்று தோன்றும். மேயும் கால்நடைகளின் விஷயத்தில், பகலில் தோட்டத்தைக் காப்பது தோட்டக்காரர் பொறுப்பு, இரவில் கால்நடையைக் கட்டுவது அதன் உரிமையாளர் பொறுப்பு என்று நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்திருக்கிறார்கள். பூனைக்கு அந்தப் பிரிவினை இல்லை. எந்நேரமும் கண்காணிக்க வேண்டிய பழக்கம் அது.

கவனியுங்கள். சட்டம் பூனையைக் கேட்கவில்லை. "உமக்குத் தெரியுமா?" என்று வளர்ப்பவரைக் கேட்கிறது. முதல் புறா போனபோது ஷாபிஈயான வீட்டாரிடமும் ஈடு இல்லை. இரண்டாவது புறா போனால் உண்டு. இந்த ஒரு சட்டத்துக்குள் அறத்தின் பெரும்பகுதி அடங்கியிருப்பதாக நாம் கருதுகிறோம். அறிவு வந்த நாளிலிருந்து பொறுப்பும் வருகிறது. நம் பகுதி ஜமாஅத்துகளில் ஷாபிஈகளும் ஹனபிகளும் கலந்தே வாழ்கிறார்கள். "நாங்கள் ஹனபி, எங்களுக்கு ஈடு கடமையில்லை" என்று சொல்லிப் புறாவை இழந்தவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்த எந்த ஹனபி இமாமும் சொல்லித்தரவில்லை. கடமை இல்லாதபோது கொடுப்பதற்குத்தான் இஹ்ஸான் என்று பெயர். பக்கத்து வீட்டார் முஸ்லிமல்லாதவர் என்பதால் இதில் அணுவளவும் மாற்றமில்லை. சந்தைக் கிரயத்தைக் கொடுத்து, கூண்டுக்கு வலை அடிக்கும் செலவிலும் பங்கு கொள்வது நல்லது.

பூனை கொண்டுவந்த இரை உயிரோடிருந்தால் என்ன செய்வது? வனவிலங்கு கடித்தவற்றில், உயிர் நிலைத்திருக்கும்போதே முறைப்படி அறுக்கப்பட்டதை அல்லாஹ் விலக்களித்து ஹலாலாக்கியிருப்பதை மாயிதா அத்தியாயத்தின் 3-ஆம் வசனத்தில் காணலாம். ஆகவே புறா, கோழி போன்றவை உயிர் நிலைத்த நிலையில் கிடைத்து, பிழைக்காதென்று தெரிந்தால், உடையவரின் அனுமதியோடு பிஸ்மி சொல்லி அறுப்பது கூடும். இறைச்சி அவருக்கே உரியது. வேட்டைக்குப் பழக்கப்பட்ட நாயும் பருந்தும் பிடித்ததற்கு அடுத்த வசனம் தரும் சலுகை பூனைக்கு வராது. அது நமக்காகப் பிடிப்பதில்லை, தனக்காகவே பிடிக்கிறது. செத்தபின் கிடைத்தால் அது மய்யித்து, உண்ணலாகாது. பூனையே அதைத் தின்பதைத் தடுக்க வேண்டியதில்லை. ஹனபிக் கிதாபுகளில் இங்கே ஒரு சுவையான பேணுதல் உண்டு: செத்ததைப் பூனையிடம் தூக்கிச் செல்லாதே, வேண்டுமானால் பூனையைச் செத்ததிடம் தூக்கிச் செல் என்பார்கள்!

எலி குற்றுயிராய்க் கிடந்தால் அதை இழுபட விடாமல் ஒரே அடியில் முடித்துவிடுவதே முறை. கொன்றாலும் செம்மையாகக் கொல்லும்படி முஸ்லிமில் வரும் கட்டளை எலிக்கும் பொருந்தும். உண்ண ஆகாத பிராணியை, வலியிலிருந்து விடுவிப்பதற்கென்றாலும் அறுக்கக் கூடாதென்று நம் மதரஸாக்களில் ஓதப்படும் ஃபத்ஹுல் முயீன் கூறுவதை நினைவில் கொள்க. கொல்ல அனுமதிக்கப்பட்ட எலியின் நிலை வேறு. அணிலோ குருவியோ லேசான காயத்தோடு தப்பினால், "சின்னக் கீறல்தானே" என்று மரத்தில் விட்டுவிடாதீர்கள். பூனையின் வாயிலுள்ள கிருமி சிறிய பல் தடத்தின் வழியே இரத்தத்தில் கலந்து இரண்டு மூன்று நாளில் பறவையைக் கொன்றுவிடும். காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, கால்நடை மருத்துவரிடமோ வேளச்சேரியிலுள்ள ப்ளூ கிராஸிலோ காட்டினால் பிழைக்க வழியுண்டு.

சுத்தத்தைப் பற்றிச் சுருக்கமாக. மருமகள் கப்ஷா ஒளுவுக்கு ஊற்றிவைத்த தண்ணீரில் பூனை வாய் வைக்க வந்தபோது, அபூகதாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்து அதற்குக் குடிக்கக் கொடுத்தார்கள். வியந்து பார்த்த மருமகளிடம், பூனை நஜீஸ் அல்ல, உங்களைச் சுற்றிச் சுழன்று வருவனவற்றில் அதுவும் ஒன்று என நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதைத் தெரிவித்தார்கள். முவத்தாவிலும் அபூதாவூத், திர்மிதீயிலும் இது உள்ளது. ஆனால் எலியைத் தின்ற இரத்த வாயோடு அக்கணமே தண்ணீரில் வாய் வைத்தால் அந்தத் தண்ணீர் நஜீஸே. சற்று நேரம் கழித்து, வாயை நக்கிச் சுத்தம் செய்தபின் குடித்தால் நஜீஸாகாது, மக்ரூஹ் மட்டுமே என்று ஹனபி மத்ஹபின் ஹிதாயா கூறுகிறது. அது வெளியே சென்று நிறைந்த நீரில் வாய் வைத்திருக்க வாய்ப்புள்ள அளவு மறைந்திருந்து திரும்பினால் நீர் அசுத்தமாகாது என்பது ஷாபிஈ இமாம்களின் சரியான சொல். தொழும் பாயில் இரையைப் போட்டுவிட்டால் இரத்தம் பட்ட இடத்தைக் கழுவினால் போதும். பாயை எறிய வேண்டாம். கர்ப்பிணிப் பெண்கள் மட்டும் வேட்டையாடும் பூனையின் கழிவைத் தங்கள் கையால் அள்ள வேண்டாம். எலி, பறவைகளைத் தின்னும் பூனையிடமிருந்து கருவைத் தாக்கும் நோய்க்கிருமி ஒன்று அதன் வழியாக வரக்கூடும். அந்த வேலையைக் கணவர் செய்யட்டும்.

மாமியாரின் சாக்கு யோசனைக்கு நாம் உடன்பட இயலவில்லை. வீட்டில் வளர்ந்த பூனையைத் தெரியாத இடத்தில் கொண்டுபோய்க் கொட்டுவது, "விட்டுவிடு" என்று ஹதீஸ் காட்டிய வாசல் ஆகாது. அந்தப் பூனை விட்டால் பிழைக்கத் தெரிந்த பூனை. அதன் பிழைப்பு அந்த ஊரிலேயே இருந்தது. இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ்ஸலாம் (மறைவு ஹிஜ்ரி 660, கி.பி. 1262) மனிதன் மீது பிராணிக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தும்போது, அது முதுமையாலும் நோயாலும் பயன்படாமல் போனாலும் அதற்குச் செலவிட வேண்டும் என்பதை முதலிலேயே வைக்கிறார்கள். பயன்படாததற்கே இந்த உரிமையென்றால், நமக்குத் தொல்லை தருகிறதென்பதற்காகக் கைகழுவுவது எப்படி? பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றமே.

அதோடு, எங்கே கொண்டுபோய் விடுகிறோம் என்றும் பார்க்க வேண்டாமா? கேளம்பாக்கம் உப்பங்கழியிலும் உப்பளங்களிலும் குளிர்காலத்தில் தூரதேசங்களிலிருந்து உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் வந்து இறங்குகின்றன. ஆட்காட்டிக்குருவி கூடு கட்டுவதில்லை. வெட்டவெளித் தரையில் நாலு கற்களுக்கிடையே முட்டையிடும். ஆள் வந்தால் கத்திக் கத்தி மனிதனைத் திசைதிருப்ப அதற்குத் தெரியும். இரவில் ஓசையின்றி வரும் பூனையிடம் அது செல்லாது. தோட்டத்தில் மாதத்துக்கு நாலு அணில் பிடித்த பூனையை, ஊட்டுவார் இல்லாத பூனையாக்கி, தரையில் முட்டையிடும் பறவைகளின் நடுவே விடுவதால் யாருடைய வலி குறைந்தது? அமெரிக்காவில் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடிப் பறவைகளைக் கொல்வதாக 2013-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அதில் பெரும்பங்கு வீட்டுப் பூனைகளுடையதல்ல, உரிமையாளர் இல்லாத பூனைகளுடையது.

நியூசிலாந்தின் ஸ்டீவன்ஸ் தீவில் 1894-இல் கலங்கரை விளக்கம் ஏற்றப்பட்டது. காவலர்களோடு பூனையும் வந்து சேர்ந்தது. அது கொண்டுவந்து போட்ட சிறு பறவைகளைத் துணைக் காவலர் டேவிட் லயல் எடுத்து அனுப்ப, அது உலகம் அதுவரை கண்டிராத, பறக்கத் தெரியாத ஒரு குருவியினம் என்று அறிஞர்கள் தெரிந்துகொண்டனர். தெரிந்துகொண்ட ஓரிரு ஆண்டுகளில் அந்த இனமே இல்லாமல் போயிற்று. ஒரேயொரு பூனை செய்த வேலை என்று கதை சொல்வார்கள். உண்மையில் தீவில் பெருகிக் காடேறிய பூனைகள் பல. வாசற்படியில் கிடந்த இரையை வைத்தே ஓர் உம்மத்தைக் கண்டுபிடித்தார்கள். கண்டபின் கதவைச் சாத்த அங்கே எவரும் இல்லை.

அப்படியானால் கொன்றுவிடலாமா என்று கேட்பாரும் உண்டு. தாக்கும் வேளையில் இலேசான வழியால் தடுக்கலாம். அமைதியாயிருக்கும் பூனையைக் கொல்வது ஆகாது, ஏனெனில் அதன் தீங்கிலிருந்து தற்காத்துக்கொள்ள வழியுண்டு என்பது ஷாபிஈ மத்ஹபின் சரியான சொல். தற்காத்துக்கொள்ள வழியுண்டு! நம் கேள்வி முழுவதும் அந்த வழியில்தான் நிற்கிறது.

கழுத்தில் மணி கட்டுவதைப் பலர் பரிந்துரைப்பர். இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பல்கலைக்கழகத்தார் 2021-இல் வெளியிட்ட ஆய்வில் மணியால் குறிப்பிடத்தக்க பயன் காணப்படவில்லை. மாறாக, மாமிசச் சத்து நிறைந்த உணவை ஊட்டிய வீடுகளில் பூனை கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. நாள்தோறும் ஐந்து பத்து நிமிடம் கயிறும் இறகும் கொண்டு பூனையோடு விளையாடிய வீடுகளில் 25 சதவீதம் குறைந்தது. வண்ணத் துணிக் கழுத்துப்பட்டை கட்டிய பூனைகள் பறவைகளை 42 சதவீதம் குறைவாகக் கொண்டு வந்தன. எல்லாமே ஏழை வீட்டிலும் ஓரளவு செய்யக்கூடியவை. வெறும் பால்சோற்றுக்குப் பதில் மீன் தலையும் கோழிக் கழிவும் வேகவைத்துக் கொடுக்கலாம். முள்ளையும் எலும்பையும் நீக்கிவிட வேண்டும். பூனைகள் பெருகாமலிருக்கச் செய்யும் கருத்தடையைப் பொறுத்தவரை, பயனோ தீங்கைத் தடுப்பதோ இருந்தால் ஹனபி மத்ஹபில் அனுமதியுண்டு. ஷாபிஈ மத்ஹபில் தடை. தத்தம் ஆலிம்களிடம் கேட்டுச் செயல்படுக.

எல்லாவற்றிலும் எளிது நேரத்தைப் பேணுவது. பூனையின் வேட்டை பெரும்பாலும் விடியலிலும் அந்தியிலும் நடக்கிறது. சுபுஹுத் தொழுகைக்குப் பள்ளிக்குச் செல்ல நாம் கதவைத் திறக்கும்போதுதான் அது கால்களுக்கிடையே நழுவி வெளியேறுகிறது. குருவிகளும் அணில்களும் தரையிறங்கி இரை தேடுவதும் அதையடுத்த நேரத்திலேதான். அந்த வேளையில் கதவைத் திறந்தவுடன் காலால் மெல்லத் தடுத்துச் சாத்திவிட்டு, உள்ளே ஒரு பிடி உணவு வைத்துவிட்டுப் போகலாம். வெயில் ஏறியபின் வெளியே விட்டு, மக்ரிபு பாங்குக்கு முன் உணவைக் காட்டி உள்ளே அழைத்துக்கொள்ளலாம். பத்துப் பதினைந்து நாளில் பூனையே அந்த நேரத்துக்கு வாசலில் வந்து காத்திருக்கப் பழகிவிடும்.